திருப்பிச் சொல்லச் சொன்னவர்

தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கொமியுனிகேஷன் கடையில் நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு பயோடேட்டா அடிப்பது என்று நாள் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர் முதன்முதலில் வந்தது ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க.

"ரெண்டு கொப்பி தங்கச்சி. முன்பக்கம் மட்டும் போதும்."

"சரிங்கண்ணே."

நான் மெஷின் பக்கம் திரும்பினேன். அவர் தாளை விடவில்லை.

"என்னா சொன்னேன்?"

"ரெண்டு கொப்பின்னு சொன்னீங்க."

"எந்தப் பக்கம்?"

"முன்பக்கம்."

அதற்குப் பிறகுதான் தாளைக் கையிலிருந்து விட்டார். என்னைப் படிக்காதவள் என்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் எல்லாரிடமும் அப்படித்தான். கொழும்பு பஸ்ஸில் ஏறினால், இறங்கும் இடத்தைக் கொண்டக்டரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, "மம கிவ்வே மொகக்த?" என்று கேட்பாராம். நான் சொன்னது என்ன என்று அர்த்தம். நெரிசலில் நிற்கிற கொண்டக்டருக்கு எப்படி இருக்கும்? ஒருமுறை அவரை வழியிலேயே இறக்கிவிட்டார்கள் என்று கேள்வி.

மேலே ரப்பர் தோட்டத்து லயத்தில் அவர் வீடு, தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. தோட்டத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'என்னா சொன்னேன்'தான். 'என்னா சொன்னேன் வாறாரு' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

லயங்களில் டீவிக்கு டிஷ் பூட்டுவது அவர் தொழில். இளம் வயதில் எஹலியகொடையில் ஒரு ரேடியோ டீவி திருத்தும் கடையில் வேலை செய்தவர். கை சுத்தம். அவர் பூட்டிய டிஷ் காற்றுக்கும் மழைக்கும் அசையாது என்பார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் கூப்பிடுவார்கள். பூட்டி முடித்ததும் வீட்டுக்கார அம்மாவை வெளியே அழைத்து, "இதுக்கு முன்னால துணி காயப்போடக் கூடாது" என்பார். சரி என்றால் போதாது. என்ன செய்யக் கூடாது, எங்கே செய்யக் கூடாது, ஏன் செய்யக் கூடாது என்று மூன்றையும் அந்த அம்மா வாயாலேயே சொல்ல வேண்டும். எங்கள் சித்தி ஒருத்தி அவரிடம், "நான் என்னா இஸ்கூல்லயா நிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, அவர் இறங்கிப் போனதும் வேண்டுமென்றே அந்த டிஷ் மேலேயே ஒரு சேலையைப் போட்டாள்.

ஆனால் நியாயம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்வதையும் அவர் அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். ஒரு நாள் கீழ் லயத்திலிருந்து யாரோ போன் பண்ணி, "பெரியாத்தா போயிருச்சு" என்றார்கள். போனை எடுத்த பெண் அப்படியே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீடுகளில் எல்லாம் அழுகை. ரப்பர் பால் வெட்டப் போனவர்களுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. இவர் வந்து, கீழே கிடந்த போனை எடுத்து, அதே நம்பருக்குத் திருப்பி அழைத்து, "போயிருச்சுன்னா எங்க போயிருச்சு?" என்று கேட்டார். எஹலியகொடைக்கு பஸ் ஏறிப் போய்விட்டதாம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அழுத பெண்ணைக் கூப்பிட்டு, போனில் என்ன கேட்டது, அவள் என்ன நினைத்தாள் என்று மறுபடி மறுபடி விசாரித்துக்கொண்டிருந்தார். இதை எனக்குச் சொன்னவர்கள் அவரைக் கொஞ்சம் மூளை பிசகியவர் என்றே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தாலியிலிருந்து கடிதம் வந்த பிறகு என்ன நினைப்பது என்று தெரியாமல் போனது.

தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் ஒபிசுக்குத்தான் வரும். வெளிநாட்டு முத்திரையைப் பார்த்ததுமே விஷயம் பரவிவிட்டது. அவர் இத்தாலியில் பத்து மாதம் இருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன செய்தார் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்ஜின் இல்லாத ப்ளேன் கொட்டகையில் வேலை செய்தேன் என்று அவர் சொன்னதை லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஏதோ ஹோட்டலில் பாத்திரம் கழுவியிருப்பார், வெட்கத்தில் கதை விடுகிறார் என்றார்கள்.

கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எழுதியவள் ஒரு பெண். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதி இறந்துபோனார். விசாரணை முடிந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஆனால் அப்பாவின் விமானத்தில் மிஞ்சிய பாகங்களைப் பார்க்கும்போது, எச்சரிக்கை மெஷினின் அன்டெனா இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததாக ஒருவர் சொல்லியிருக்கிறார். பூட்டியது நீங்கள் என்று அறிந்தேன், உங்கள் விலாசத்தைத் தேடிப் பிடித்தேன், உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அந்த இடம் சரியில்லை என்று நீங்கள் என் அப்பாவிடம் சொன்னீர்களா?

கீழே ஒரு ஈமெயில் முகவரி.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது கிளைடர். இன்ஜின் இல்ல."

"இன்ஜின் இல்லாம எப்பிடிண்ணே பறக்கும்?"

"பருந்து எப்பிடிப் பறக்குது? இன்னொரு ப்ளேன் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போய் மேல விட்டுரும். அப்பறம் சூட்டுக் காத்து எங்க எழும்புதோ அங்க சுத்திச் சுத்தி மேல போவாங்க. ஒருத்தருக்குக் காத்து கெடைச்சா மத்தவங்களும் அங்கதான் வருவாங்க. ஒரே எடத்துல நாலு பேரு சுத்துவாங்க. சத்தமும் இருக்காது."

அதனால்தான் அந்த மெஷின். சிகரெட் பெட்டி அளவு. 'நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம் போகிறேன்' என்று அது ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்குமாம். மற்ற கிளைடரில் இருப்பதும் அப்படியே சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் இரண்டு பேருக்கும் கீச்சென்று கத்தும். பேசுவதற்கும் கேட்பதற்கும் அதற்கு ஒரே குச்சிதான், அதுதான் அன்டெனா. அது நிமிர்ந்து நிற்க வேண்டும், நாலாபுறமும் வெளியாக இருக்க வேண்டும். கிளைடரின் மூக்குப் பக்கத்தைக் கருப்பு நிறக் கார்பனில் செய்கிறார்கள். மரம் மாதிரியோ கண்ணாடி மாதிரியோ அல்ல, ரேடியோ அதற்குள் நுழையாது.

"அந்த ஐயாவுக்குக் குச்சி கண்ணுக்கு முன்னால நிக்கிறது புடிக்கல. கீழ வையின்னாரு. மொதலாளியும் அவரு சொல்ற மாதிரி செய்யின்னு சொல்லிட்டாரு. கீழ வச்சேன். சுத்தி கார்பன். எனக்கு மனசு கேக்கல. இன்னொரு மெஷினக் கையில எடுத்துக்கிட்டு மைதானத்து ஓரத்தோட ஒரு சுத்து நடந்து பாத்தேன். முன்னால நின்னா எடுக்குது. இடது பக்கம் எடுக்குது. வலது பக்கம் கொஞ்சம் பின்னால போனதும் மெஷின்ல எரியிற வெளக்கு அணைஞ்சிருச்சு. திரும்பி முன்னால வந்தா எரியுது."

"மோதுனது எந்தப் பக்கம்ண்ணே?"

ஸ்டேப்ளரின் வலது பக்கத்தில் விரலை வைத்தார். மோதியபோது அவர் இன்னும் அங்கேதான் வேலையில் இருந்தாராம். மற்றக் கிளைடரை ஓட்டிய பெண் எப்படியோ இறங்கிவிட்டாளாம். எதுவும் கத்தவில்லை என்றாளாம்.

"அப்ப நீங்க அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

பதிலை ஆங்கிலத்தில் அடித்தேன். நான் உங்கள் அப்பாவிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று. வாசித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம், அழிங்க. செத்த மனுசன் மேல பழி போட்ட மாதிரி இருக்கு" என்றார். அழித்தேன். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் வந்து, "நான் சொல்லலன்னு எழுதுங்க" என்றார்.

"நேத்து சொன்னேன்னீங்களே?"

"நேத்து சொன்ன மாதிரி இருந்துச்சு. ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அப்ப பாஷை தெரியாது. தெரியாத பாஷையில எப்பிடிச் சொல்லியிருப்பேன்?"

அதையும் அடித்தேன். அதையும் அழிக்கச் சொன்னார். பொய் சொல்கிறார் என்றால் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். உண்மை என்றால் இவ்வளவு மாறக் கூடாது. எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவருடைய மனைவி வந்தார். பால் வெட்டு முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், கையில் ரப்பர் பால் காய்ந்து திரித்திரியாக ஒட்டியிருந்தது. கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த வெள்ளக்காரப் பொண்ணு இவருக்கு யாரு? எனக்கு உள்ளதச் சொல்லு புள்ள."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. செத்துப்போன ஒருத்தரோட மக." நான் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரா கொன்னுட்டாரு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் பார்த்துவிட்டார்.

"இத்தாலிக்குப் போகுமுன்ன இவரு இப்படி இல்ல புள்ள" என்றார். "ஒரு பேச்சு பேசுனா அதோட சரி. வந்த பொறகுதான் என்னா சொன்னேன், என்னா சொன்னேன்னு. சோறு போடுறேன்னு சொன்னாக்கூடத் திருப்பிச் சொல்லிப் பாக்குறாரு. நான் மந்திரிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

அவர் போன பிறகு அன்று முழுக்க என்னால் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை. ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகப்பன் பெயரை அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது சவரம் செய்திருந்தார், கழுவிய சட்டை போட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஞாபகம் வந்துருச்சு. ரெண்டு வார்த்த சொன்னேன். அன்டெனாவத் தொட்டுக் காட்டி, 'நொன் சென்தே'ன்னு சொன்னேன். கேக்காதுன்னு அர்த்தம். அவங்க போனுல பேசும்போது லைன் சரியில்லன்னா அப்படித்தான் சொல்வாங்க, அத வச்சு நான் படிச்சுக்கிட்டது. ரெண்டு தடவ சொன்னேன்."

"அதுக்கு அவரு என்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. நல்லாச் சத்தமா. என் முதுகுல தட்டிட்டுப் போயிட்டாரு."

"அவருக்கு வெளங்கிச்சா?"

"அதுதானே தங்கச்சி எனக்குத் தெரியல."

அதையே எழுதினோம். நான் இரண்டு வார்த்தை சொன்னேன், அவர் சிரித்தார், அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வார்த்தையை ஆங்கில எழுத்தில் எனக்குத் தெரிந்த மாதிரி போட்டேன். இது ஒரு பதிலா என்று எனக்கே சந்தேகம். அனுப்பினேன்.

பதில் நான்கு நாளில் வந்தது. அவருக்கு ஆள் அனுப்பினேன். வந்து நின்றார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் மெல்ல மெல்லத் தமிழில் சொன்னேன்.

எங்கள் பாஷையில் நீங்கள் சொன்ன வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு, என்று அவள் எழுதியிருந்தாள். 'இதற்குக் கேட்காது' என்றும் எடுக்கலாம். மரியாதையாகப் பேசும்போது 'உங்களுக்குக் காது கேட்காது' என்றும் எடுக்கலாம். என் அப்பாவுக்கு உண்மையிலேயே ஒரு காது மந்தம். அன்று இரவு சாப்பாட்டு மேசையில், விமானக் கொட்டகையில் இருக்கிற ஸ்ரீலங்காக்காரன் என்னைச் செவிடன் என்று கண்டுபிடித்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தக் கோடைகாலம் முழுக்க, அவரைக் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அம்மா 'நொன் சென்தே' என்பாள். அது எங்கள் வீட்டுப் பகிடி ஆகிவிட்டது. அவர் இறக்கும் நாள் காலையிலும் அம்மா அதைச் சொன்னாள்.

அவர் மேசைக்குக் கிட்ட வந்தார்.

"மறுபடி வாசிங்க."

வாசித்தேன். இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் வாசித்தேன்.

"அப்ப நான் சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கீங்கண்ணே."

"அவரு காதுலயும் விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு."

"அப்பறம் எங்க பெழ வந்துச்சு?"

கல்யாணமாகி இரத்தினபுரிக்கு வந்த பிறகு என் கணவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். யார் பிழை என்று அவர் கேட்டார். ஒரு நாள் செத்துப்போன அந்த ஐயா பிழை என்றேன். இன்னொரு நாள் முதலாளி பிழை என்றேன். வேறொரு நாள், பாஷை தெரியாமல் அந்த வேலையைத் தொட்டிருக்கக் கூடாது என்று அந்த அண்ணன் மேலேயே சொன்னேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை, அதையும் மாற்றிச் சொன்னேன்.

அன்று வந்த அவளுடைய பதிலில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். அன்று நீங்கள் அப்பாவிடம் என்ன சொல்ல நினைத்தீர்களோ, அதை முழுக்க எனக்கு எழுதுங்கள். உங்கள் பாஷையிலேயே எழுதுங்கள், நான் ஆள் வைத்து வாசித்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன்.

"மகளுக்குன்னு ஆரம்பிக்கவா?"

"இல்ல. ஐயான்னு போடுங்க. நான் பேசுற மாதிரியே அடிங்க, திருத்த வேணாம்."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை, தடுமாறவில்லை. பக்கத்தில் கொப்பி எடுக்க வந்து நின்றவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

'ஐயா, இந்தக் குச்சியக் கீழ வைக்கச் சொல்றீங்க. வச்சுட்டேன். ஆனா நான் சுத்தி நடந்து பாத்துட்டேன், ஒங்களுக்கு வலது பக்கம் பின்னால இருந்து யாரு வந்தாலும் இந்த மெஷினுக்குத் தெரியாது. ஒங்களையும் அவங்களுக்குத் தெரியாது. மெஷின் கத்தலன்னா யாரும் இல்லன்னு நம்பி இருந்துராதீங்க. இன்னிக்குப் பறக்க வேணாம். நாளைக்குக் காலையில நான் வெள்ளனமே வந்து இத மேல எடுத்துப் பூட்டித் தாறேன். ஒங்க கண்ணுக்கு மறைக்காத மாதிரி ஒரு ஓரமா வச்சுத் தாறேன், எனக்குத் தெரியும். நீங்க சிரிக்கிறீங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு எனக்கு வெளங்கல. வெளங்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால நானும் சிரிச்சுட்டேன். அது என் பெழ. மன்னிச்சுக்கங்க.'

"அவ்வளவுதானாண்ணே?"

"கீழ என் பேரப் போடுங்க. அந்த ஐயாவுக்கு என் பேரு தெரியாது. ஸ்ரீலங்கான்னுதான் கூப்பிடுவாரு."

அவருடைய பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாக அடித்தேன்.